சாட்சிகள் தனித்தனியே

பட்டர்வொர்த் துறையோரம் ஓய்வுபெற்று நிற்கும்
பழைய ஃபெரியின் மேல்தளம்.
உப்பும் டீசலும் ஊறிய நீள்பெஞ்சில்
நைலான் கயிற்றால் என்னைக் கட்டியிருந்தார்கள்.
முடிச்சு மட்டும் மீனவன் போட்டதுபோல் கச்சிதம்.

எதிரே நால்வர்.
மாஜிஸ்திரேட் துவான் ஹாஷிம்,
கிளார்க் ரோஸ்நானி,
கோப்பிக்கடை ஆ ஹுவாட்,
ஜொகூரில் இருக்கவேண்டிய என் தம்பி குணாளன்.
பிற்பகல் இரண்டரை மணி வெயில்.
ஒருவருக்கும் வியர்க்கவில்லை.

"புவான் ரத்தினவல்லி,
இதைத் தீவின் எல்லா மொழியிலும் வாசிக்க வேண்டும்"
என்றது துவான் ஹாஷிம்.
ஆங்கிலத்தில் ஒரு தாள்.
ஒன்பது வாக்கியம்,
ஒன்பதும் 'வீ' என்று தொடங்கின.

இருபத்திரண்டு வருடமாக
லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டில் மொழிபெயர்க்கிறேன்.
திருடனுக்காக 'நான் திருடவில்லை' என்றிருக்கிறேன்.
குத்தியவனுக்காக 'நான் அங்கே இல்லவே இல்லை.'
எத்தனையோ பேரின் 'நான்'
என் வாயில் ஏறி இறங்கியிருக்கிறது.
உருமாறுவது எனக்கும் தொழில்தான்.
ஐந்து மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு
பஸ் பிடிப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"வாசிக்கிறேன். ஒரு சந்தேகம்.
இந்த 'வீ', நாமா நாங்களா?"

விழித்தன.

"கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம்.
தள்ளிவைத்தால் நாங்கள்.
மலாயில் கீத்தா, காமி.
ஆ ஹுவாட்டின் ஹொக்கியனிலும் இரண்டு உண்டு.
உள்ளே யார், வெளியே யார் என்று
முடிவு பண்ணாமல்
இந்தத் தீவில் ஒரு வாக்கியம் தொடங்க முடியாது."

ரோஸ்நானி ஆ ஹுவாட்டைப் பார்த்தது.
ஆ ஹுவாட் துவானைப் பார்த்தது.
எத்தனை கிரகம் பிடித்தனவோ,
அந்தக் கேள்வி அவற்றுக்கு வந்ததே இல்லை.

தம்பியின் முகத்திடம் திரும்பினேன்.
சின்னக் குரலில்,
மற்ற மூன்றுக்கும் கேட்கிற சின்னக் குரலில்,
"காலையில் நாம் பேசிக்கொண்டபடி
'நாம்' என்றே போட்டுவிடட்டுமா?"

"நான் எதுவும் பேசவில்லை" என்றது அது.
கூண்டில் ஏறும் எல்லாரும்
முதலில் சொல்வது அதைத்தான்.
தன்னை நிரூபிக்க ரோஸ்நானியாக மாறிக் காட்டியது.
மாறிக் காட்டுகிறவனை யார் நம்புவார்?
பதிலுக்கு மற்றவையும் மாறின.
நான்கு ரோஸ்நானி, நான்கு கைக்கடிகாரம்.
பிறகு நான்கு துவான் ஹாஷிம்,
நான்கும் ஒரே நேரத்தில்
'அமைதி' என்று கத்தின.

"இதற்கு முறை இருக்கிறது துவான்.
ஒரு சாட்சி பேசுவது இன்னொரு சாட்சியின் காதில் விழக்கூடாது.
ஒருவர் மாலுமி அறை. ஒருவர் எஞ்சின் பக்கம்.
ஒருவர் சமையலறை. ஒருவர் கயிற்றுக் கிடங்கு.
கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.
வாக்குமூலத்தை நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.
அதற்குக் கால் வேண்டும்."

அவிழ்த்தது எந்தத் துவான் என்று தெரியாது.

துருப்பிடித்த படிகளில் ஏறினேன், இறங்கினேன்.
'நாம் ஒன்றாகத்தானே வந்தோம்,
அவனிடம் சொல்' என்றது மேலே ஒன்று.
கீழே போய்
'நாங்கள் ஒன்றாகத்தானே வந்தோம்' என்று ஒப்பித்தேன்.
ஒரே ஒரு சொல்.
இருபத்திரண்டு வருடத்தில் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.
விக்கியவனின் விக்கலைக்கூட
விடாமல் சொன்னவள் நான்.
தொண்டையில் மீன்முள் நின்றதுபோல் இருந்தது.
மறுபடி ஏறினேன்.
மறுபடி மாற்றினேன்.

மூன்றாவது சுற்றில் கார் தளத்தைக் கடந்து
சாய்பாலத்தில் இறங்கி நடந்தேன், ஓடவில்லை.
பின்னால் நான்கு இரும்புக் கதவுகள்.
ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒருவர்,
சத்தியம் செய்துவிட்டு,
அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.

மறுநாள் ஒன்பது மணி, கோர்ட் மூன்று.
ரோஸ்நானி ஃபைல்களை அடுக்கினாள்.
கடிகாரம் எந்தக் கையில் கட்டுவாள்
என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.
துவான் ஹாஷிம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
"கீத்தா மூலா" என்றார்,
தொடங்கலாம் நாம்.

கீத்தா. என்னையும் சேர்த்து.

அவர் நெற்றியைப் பார்த்தேன்.
ஏர்கோனில் யாருக்கும் வியர்க்காது.